கேப்டன் கையெழுத்தைத் தேடி: கார்ன்வாலில் ஆறு நாள்

முதல் நாள்

ரெடிங் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடும்போது மகள் மூன்று தடவை கேட்டுவிட்டாள், "அம்மா, அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டியா?" எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் இந்தப் பயணமே இல்லை.

ஓர் அரைத்தாள் அது. 1934 என்று தேதி. என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தன் கீழே ஒன்பது வருஷம், பாறை சரியாமல் மரமுட்டுக் கட்டும் வேலை பார்த்தவர், நம்பகமானவர், குடிக்காதவர் என்று ஒரு வெள்ளைக்கார கேப்டன் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அதை வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் சாகும்வரை வைத்திருந்தார். கோலார் தங்கவயலில் அவர் பேர் எழுதிய காகிதம் என்று எங்கள் வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் லைன் வீட்டுக் கூரை ஒழுகி, கீழே இருந்த கையெழுத்து கரைந்துவிட்டது. 'ட்ரெ' என்ற தொடக்கம் தெரிகிறது. கடைசியில் 'ன்' மாதிரி ஒன்று. நடுவில் வெறும் நீலக்கறை.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. நிலத்தடியில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர். அந்தப் பட்டமே கார்ன்வாலிலிருந்து எங்கள் ஊருக்கு வந்ததுதான். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாருக்கு வந்தபோது, சுரங்கம் தெரிந்த ஆட்களை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள இந்தக் கவுண்டியிலிருந்து கூட்டி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து என் தாத்தாவின் அப்பா போன்றவர்கள் வந்தார்கள். மேலே அவர்கள், கீழே நாங்கள்.

அந்தக் கேப்டன் யார், எந்த ஊர், எங்கே அடக்கமாகியிருக்கிறார்? இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போன வருஷம் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். கார்ன்வாலில் அநேகமாக ஒவ்வொரு பாரிஷுக்கும், அதாவது நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்பார்களே, அதற்கு ஒரு தன்னார்வலர் இருக்கிறார். காசு வாங்காமல் தங்கள் பாரிஷின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, உலகத்தில் யார் கேட்டாலும் தேடிச் சொல்கிறார்கள். எனக்கு நான்கே நாளில் பதில் வந்தது. "காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று அதில் இருந்தது.

ரயில் எக்ஸிட்டர் தாண்டியதும் கடலை ஒட்டியே ஓடுகிறது. டாலிஷ் என்ற இடத்தில் அலை ஜன்னலில் அடித்துவிடும் போல இருந்தது. 2014 புயலில் இந்தச் சுவர் உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதாம். பிளிமத் கடந்து டாமர் ஆற்றின் மேல் ராயல் ஆல்பர்ட் பாலம். கட்டிய பொறியாளர் புரூனெலின் பேர் பாலத்து வாயிலில் பெரிய எழுத்தில், 1859 என்ற வருஷத்தோடு. அதே வருஷம் அவர் இறந்துவிட்டார். பேர் இன்னும் ஆற்றுக்கு மேலே நிற்கிறது. அதைக் கட்டிய கூலியாட்களின் பேரை மனசு கேட்டது. கேட்காமல் இருக்குமா, தங்கவயல்காரிக்கு?

ஆறு தாண்டினால் கார்ன்வால். சாயங்காலம் ரெட்ரூத்தில் இறங்கினேன். ஊர்ப்பேரைக் கார்னிஷ் மொழியிலும் எழுதுகிறார்கள். 'ரெஸ்ருத்' என்றால் சிவந்த ஆற்றுத்துறை. ஆங்கிலக் காதுக்கு முதல் பாதி சிவப்பு போலக் கேட்கும், உண்மையில் பின்பாதிதான் சிவப்பு. தங்கும் விடுதிக்காரப் பெண் சாவியைக் கொடுத்து, "வாங்க மை லவ்" என்றார். தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்

கிரெசன் கெர்னோ. கார்னிஷில் 'கார்ன்வால் மையம்' என்று பொருள். பாழடைந்து கிடந்த பழைய பீர் ஆலையைப் புதுப்பித்து 2019இல் திறந்திருக்கிறார்கள். கவுண்டியின் ஆவணங்கள், சுரங்க வரைபடங்கள், பங்குப் பதிவேடுகள் எல்லாம் இங்கேதான். அலமாரித் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 14 மைல் வருமாம்.

பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும். பென்சில் மட்டும். கைப்பை லாக்கரில். பழைய புத்தகத்தை மேஜையில் தட்டையாக விரிக்கக்கூடாது, முதுகு உடையும். அதற்கென்று பஞ்சுத் தலையணை போல ஒரு தாங்கி இருக்கிறது. பக்கம் புரளாமலிருக்க, உள்ளே ஈயக்குண்டு வைத்துத் தைத்த துணிக்கயிறு. பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டக் காலில் போடுகிற மாதிரிதான் புத்தகத்தைக் கிடத்துகிறார்கள்.

மேஜை உதவியாளரிடம் 'ட்ரெ' என்று ஆரம்பித்ததும் அவர் சிரித்துவிட்டார். ட்ரெ, போல், பென் என்ற மூன்றை வைத்தே கார்ன்வால்காரரைக் கண்டுகொள்ளலாம் என்று ஒரு பழைய சொலவடை இருக்கிறதாம். ட்ரெ என்றால் குடியிருப்பு, போல் குளம், பென் தலை அல்லது முனை. நம் பட்டி, குளம், முனை மாதிரி. ஊர்ப்பேரே குடும்பப்பேராகிவிட்டது. ட்ரெமெயின், ட்ரெவின், ட்ரெகியன் என்று 'ன்'னில் முடிகிற பேர்களே வரிசையாக வந்தன. என் நீலக்கறைக்குள் இவர்களில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள், தெரியாததிலிருந்து தொடங்காதீர்கள்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தது 1934, சாம்பியன் ரீஃப், கேப்டன். அவ்வளவுதான்.

பதிவேடுகளின் கதையை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். முதலில் வெற்றுத்தாளில் பாதிரியார் மனம்போல எழுதினார். 1754இலிருந்து திருமணத்துக்கு மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் 1813இலிருந்து அச்சடித்த படிவம். 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தது. பேரோடு கூடிய மக்கள்தொகைக் கணக்கு நாடு முழுக்க 1841இலிருந்து.

ஓட்டைகளும் இருக்கின்றன. சுரங்கக்காரர்கள் பாதிப்பேர் மெத்தடிஸ்டுகள், இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபையார். அவர்கள் சேப்பல் என்ற தங்கள் சொந்தக் கோயிலில் ஞானஸ்நானம் செய்திருப்பார்கள், பங்குப் பதிவேட்டில் அந்தக் குழந்தை இருக்காது. எக்ஸிட்டரில் பாதுகாத்த உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்தன. 1931 கணக்கெடுப்புத் தாள்கள் அதே 1942இல் வேறொரு தீயில் முழுக்கப் போயின. ஒரே குடும்பத்தில் தாத்தா ஜான், அப்பா ஜான், பிள்ளை ஜான். முதல் ஜான் குழந்தையிலேயே இறந்துபோனால் அடுத்ததற்கும் ஜான்.

மாலைவரை உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் 1790களின் ஒரு பக்கத்தில், ஒரு மணமகள் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட சிலுவைக்குறி. மை கொஞ்சம் தெறித்திருந்தது. எழுதத் தெரியாத கை, இறகை அழுத்திவிட்டது. கேண்டீனில் டீ குடிக்கும்போதும் அந்தத் தெறிப்பு கண்ணிலேயே நின்றது.

மூன்றாம் நாள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

எனக்குப் பதில் போட்ட தன்னார்வலரைச் சந்தித்தேன். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுபது கடந்தவர், முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். க்வெனாப் பாரிஷின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். ரெட்ரூத்திலிருந்து மூன்று மைல் சொச்சம். ஒரு காலத்தில் அந்தப் பங்கில் எடுத்த செம்புக்காக 'பழைய உலகத்தின் பணக்கார சதுர மைல்' என்று பேர் வாங்கிய இடம். 1866இல் செம்பு விலை விழுந்த பிறகு ஊரே காலியாகி மெக்சிகோ, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா, கோலார் என்று பிரிந்துபோனது. ஊரில் சுரங்கம் மூடினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2001 பிப்ரவரியில் எங்கள் சுரங்கம் மூடிய மறுநாளிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு ஏறியவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

தன்னார்வலரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் வேலை. இந்தப் பாரிஷைத் 'தத்தெடுத்து'ப் பல வருஷம் ஆகிறது என்கிறார். இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் கார்ன்வாலில்தான் இந்த முறை ஆரம்பமானது, பிறகு மற்றக் கவுண்டிகளுக்குப் பரவியது. பழைய நாளில் பாரிஷ் கிளார்க் என்றொருவர் கோயில் பதிவேட்டை எழுதுவார். அந்தப் பேரையே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எப்படிப் படியெடுக்கிறார் என்று காட்டினார். பக்கத்தின் படம் ஒரு திரையில், அட்டவணை ஒரு திரையில். வரி வரியாக இறங்குகிறார். முதல் விதி, உள்ளதை உள்ளபடி. பாதிரியார் எழுத்துப்பிழை விட்டிருந்தால் பிழையோடுதான் எழுத வேண்டும். இரண்டாவது, புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி. "ஊகிச்சு நிரப்பினா அது பொய். கேள்விக்குறி பொய் இல்லை" என்றார். பிறகு வேறொரு தன்னார்வலர் அதே பக்கத்தை முதலிலிருந்து சரிபார்ப்பார். சில இடத்தில் பாதிரியார் 1720/21 என்று இரண்டு வருஷம் போட்டிருக்கிறார். 1752 வரை இங்கே புதுவருஷம் மார்ச் 25இல்தான் பிறந்ததாம். ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு எந்த வருஷம் என்ற குழப்பம் வேண்டாமென்று இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் முடியலாம், முடியாமலும் போகலாம். யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வார்டில் ராத்திரி ட்யூட்டி முடியும்போது ஒவ்வொரு நோயாளி பேரையும் சொல்லித்தான் அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்போம். அது மாதிரிதான் இதுவும்" என்றார்.

பிறகு என் அரைத்தாளைக் கேட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். மை போனாலும் நிப்பு அழுத்திய பள்ளம் இருக்குமாம். இருந்தது! நடுவில் ஒரு 'வ', இல்லையென்றால் 'ம'. அவரிடம் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. இந்தப் பாரிஷிலிருந்து வெளிநாடு போனவர்கள் பட்டியல். கல்லறைகள், சேப்பல் அறிக்கைகள், 1810இலிருந்து வரும் வெஸ்ட் பிரிட்டன் பத்திரிகையின் பழைய இதழ்கள் இவற்றிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. கோலார் என்று தேடினால் இருபதுக்கு மேல். அதில் 'ட்ரெ' இரண்டு பேர். ஒருவர் 1920க்குள் இறந்துவிட்டார். மற்றவரின் குடும்பத்தை 1911 கணக்கெடுப்பில் எடுத்தார்.

1911 தாள்களில் ஒரு விசேஷம். அதற்கு முந்தைய வருஷங்களில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கணக்கெடுப்பாளர் திருப்பி எழுதிய நகல். 1911இல் வீட்டார் தங்கள் கையால் நிரப்பிய தாளே இருக்கிறது. புருஷன் இந்தியாவில். அதனால் மனைவி நிரப்பியிருக்கிறார். சாய்ந்த, பள்ளிக்கூடத்து எழுத்து. மகன், வயது நான்கு. பிறந்த இடம் என்ற கட்டத்தில், 'கோலார் கோல்ட் ஃபீல்ட், மைசூர், இந்தியா.'

நான் பிறந்த ஊர்! ஐயாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம், ஓர் அம்மா 1911 ஏப்ரலில் தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி எழுதியிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. நர்ஸம்மா ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தண்ணீரை நகர்த்தினார்.

அந்த வருஷத் தாளில் மணமான பெண்களுக்கு மட்டும் ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை. அவர் எழுதியிருக்கிறார்: 2, 1, 1.

அந்த இறந்த ஒன்று எங்கே? பிரிட்டிஷ் லைப்ரரியில் மெட்ராஸ் மறைமாவட்டத்து ஞானஸ்நான, அடக்க நகல்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களுக்காக 1998இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றுக்கு அகரவரிசை போட்டுவருகிறார்கள். அதில் கிடைத்தது. பெண் குழந்தை, ஒன்றரை வயது, அடக்கம் கோலார் தங்கவயல்.

"எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துலதான் இருப்பா" என்றேன். எனக்குத் தெரிந்த இடம். பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சுவரோரமாகத்தான் வருவோம்.

கிளம்பும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார், "உங்க பக்கத்து ஆட்களுக்கு யார் கிளார்க்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களிடம் என்னென்ன பதிவேடு இருந்தது என்று கேட்டார். சுரங்கத்து மஸ்டர் ரோல், அதாவது ஆள்வருகைப் பட்டியல் உண்டு, கோயிலுக்குப் போன கிறிஸ்தவர்களுக்குக் கோயில் பதிவேடு உண்டு, எங்களுக்கு மாரியம்மன்தான், அவள் எதையும் எழுதிக்கொள்வதில்லை என்றேன். 1930இல் கைரேகை எடுத்துத் தொழிலாளரைப் பதிவுசெய்யக் கம்பெனி கிளம்பியபோது வேலைநிறுத்தமே நடந்ததையும் சொன்னேன். திருடனுக்கு எடுக்கிற மாதிரி ரேகை எடுப்பதா என்று கொதித்துப்போனார்கள். என் தாத்தாவும் அதில் இருந்தவர். பதிவேடு என்றால் எங்களுக்கு அது எங்களைப் பிடித்துவைக்கிற சாமான். இந்த ஊரில் அதைக் கையில் வைத்துத் தடவுகிறார்கள். இரண்டும் ஒரே அட்டவணைதான்.

ராத்திரி பதினொன்று ஆகிறது. தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள்

க்வெனாப் கோயில் கல்லறைத் தோட்டம். கோயில் ஒரு பக்கம், மணிக்கூண்டு தனியாக இன்னொரு பக்கம் நிற்கிறது. மே மாதம், கல்லுக்கு இடையெல்லாம் நீலப்பூ. தன்னார்வலர்கள் ஐந்து பேர், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. ஆளுக்கொரு முட்டிக்கட்டை, அதாவது மண்டிபோட ஒரு ரப்பர் மெத்தை. ஒரு தெர்மாஸ், பிஸ்கட் டப்பா.

கல்லறைகளை வரிசை வரிசையாகப் படியெடுக்கிறார்கள். முதலில் தோட்டத்தின் வரைபடம், ஒவ்வொரு கல்லுக்கும் எண். பிறகு இரண்டு பேராக நிற்பார்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத. எழுதியவர் திரும்ப வாசிக்க, முதலாமவர் கல்லைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

கம்பிப் பிரஷ் கூடாது, சாக்பீஸ் தேய்க்கக் கூடாது. தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பாசி கனமாக இருந்தால் விட்டுவிட வேண்டும், அதைப் பெயர்த்தால் எழுத்தும் கூட வரும். கருங்கல்லில் எழுத்து மழுங்கிவிடுகிறது. டெலபோல் குவாரியின் சிலேட்டுக் கல்லில் இருநூறு வருஷத்து எழுத்தும் நேற்று வெட்டியதுபோல இருக்கிறது. நாம் சின்ன வயதில் எச்சில் தொட்டு அழித்தோமே, அதே சிலேட்டுதான்.

நான் கேட்டு வந்த கல் வடக்குச் சுவரோரம். சிலேட்டு. ஆனால் முகம் வடக்கே பார்த்திருப்பதால் வெயிலே படாது. எழுத்து இருப்பதே தெரியவில்லை. நர்ஸம்மா பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார், பீரோ கதவில் இருந்த நீளக்கண்ணாடி. அதைத் தள்ளிப் போய்ப் பிடித்து வெயிலை வாங்கிக் கல்லின் மேல் பக்கவாட்டில் திருப்பினார். சாம்பல் பலகையில் எழுத்து ஒவ்வொன்றாக நிழல் விழுந்து எழுந்து வந்தது. கோயிலில் திரை விலக்குவார்களே, அப்படி.

'கேப்டன்' என்ற சொல் முதலில். இந்த ஊரில் அந்தப் பட்டத்தைக் கல்லிலும் வெட்டுவார்கள். பிறகு அவர் பேர், 1938. மனைவி பேர், 1951. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: மேற்கண்டோரின் மகள், கோலார் தங்கவயலில் அடக்கம்.

நான் வாசித்தேன், நர்ஸம்மா எழுதினார். பிறகு அவர் வாசித்தார், நான் கல்லைப் பார்த்து ஒவ்வொரு எழுத்துக்கும் சரி சொன்னேன். குழந்தையின் பேர் வந்தபோது குரல் எழும்பவில்லை. பேர் இந்த மண்ணில், எலும்பு எங்கள் மண்ணில்.

போகும் வழியில் ரெட்ரூத் செயின்ட் யூனி கோயில் வாசலிலும் நிறுத்தினார்கள். சவப்பெட்டி இறக்கிவைக்கும் கல்மேடை அங்கே வழக்கத்தைவிட நீளம். சுரங்க விபத்து நடந்தால் ஒன்றுக்கு மேல் பெட்டி வரும். கையால் தடவிப் பார்த்தேன். பாறை வெடிப்பு நடந்த ராத்திரிகளில் எங்கள் லைனில் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் வாசலில் போய் நிற்பார்கள் என்று பாட்டி சொல்வாள்.

ஐந்தாம் நாள்

மழை. காலையில் க்வெனாப் பிட் பார்த்தேன். சுரங்கம் உள்வாங்கி உண்டான பள்ளம். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1762இலிருந்து 1789வரை பதினெட்டு தடவை இங்கே பிரசங்கம் செய்திருக்கிறார். இப்போதிருக்கும் வட்டவட்டமான புல் படிகள் 1806இல் அமைத்தவை. யாருமே இல்லை. மழைச் சத்தம் மட்டும். தூரத்தில் பழைய சுரங்கம் ஒன்றின் இன்ஜின் வீடு, புகைபோக்கியோடு. கூரை இல்லை, உள்ளே மரம் முளைத்திருந்தது.

பிற்பகல் திரும்பவும் கிரெசன் கெர்னோ. ஒரே ஒரு காரியம் பாக்கி. கல்லும் கணக்கெடுப்பும் சொல்லும் கேப்டன்தான் என் அரைத்தாளின் கேப்டனா? 'ட்ரெ'வும் கோலாரும் பொருந்துவது மட்டும் போதாது என்று நர்ஸம்மா அழுத்திச் சொல்லியிருந்தார். கையெழுத்து வேண்டும். கையெழுத்து எங்கே இருக்கும்? கல்யாணப் பதிவேட்டில்.

1904, பங்குக் கோயிலில் திருமணம். பதிவேடு வந்தது. மணமகன், சுரங்கத் தொழிலாளி. மணமகளின் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. இருவரின் அப்பா பேரும் தொழிலும் உண்டு. அம்மா பேருக்கு இடமே இல்லை. 2021 மே மாதம்தான் அந்தக் குறை இங்கே தீர்ந்ததாம், அதுவரை ஒரு அம்மாவின் பேர்கூட ஏறவில்லை.

கீழே கையெழுத்து. 'டி' எழுத்தின் மேல்கோட்டை அவர் எழுத்தோடு நிறுத்தவில்லை. பேர் முழுவதற்கும் கூரை போட்ட மாதிரி கடைசிவரை இழுத்து, முனையில் சின்னதாகக் கீழே மடக்கியிருக்கிறார். என் அரைத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கறைக்கு மேலே அந்தக் கூரை. கடைசியில் நான் 'ன்' என்று இத்தனை நாளும் நினைத்தது, அந்தக் கோட்டின் மடக்கு விழுந்த கடைசி எழுத்து.

முப்பது வருஷ இடைவெளி. கை கொஞ்சம் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வேறு வித்தியாசம் இல்லை.

1934இல் எழுதியிருக்கிறார், 1938இல் இங்கே இறந்திருக்கிறார். கோலாரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் தன் கீழ் இருந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் நோட்டிலும் எழுதினேன், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு. நர்ஸம்மா அதைப் பார்த்து என் தோளைத் தட்டினார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கேப்டன் பேருக்கான தன் குறிப்பைத் திறந்து, 'கோலாரில் இவர் கீழ் வேலை பார்த்தவர்' என்று ஒரு வரி சேர்த்தார். என் தாத்தா பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்பா பேர்? சொன்னேன். அம்மா பேர்? சொன்னேன். பிறந்த ஊர் வட ஆற்காட்டில் எது? அது எனக்குத் தெரியாது. கேள்விக்குறி போட்டார்.

ஆறாம் நாள்

காலையில் ட்ரூரோ. கார்ன்வால் குடும்ப வரலாற்றுச் சங்கத்தை எட்டிப் பார்த்தேன். 1976இல் தொடங்கியது. நேற்று நாங்கள் எழுதிய கல்லறைத் தாள் மாதிரியான ஆயிரக்கணக்கான தாள்கள் இங்கே அகரவரிசையில் சேர்ந்திருக்கின்றன. ஸ்டேஷன் வழியில் ஒரு பாஸ்டி வாங்கிச் சாப்பிட்டேன், மாட்டிறைச்சியும் உருளையும் வெங்காயமும் நூல்கோல் மாதிரி ஒரு கிழங்கும். சுடச்சுட நன்றாக இருந்தது.

நர்ஸம்மா வழியனுப்ப வந்திருந்தார். ஒரு கவரில் க்வெனாப் கல்லின் படம், பின்னால் வரைபட எண். "கோலாரில் அந்தக் குழந்தை கல் இருந்தால் ஒரு படம். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி. அதுவும் பதிவுதான்" என்றார். அடுத்த மாதம் ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஏறினேன்.

ரயில் பாலத்தைத் தாண்டியதும் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ஊரில் சாயங்காலமாகியிருக்கும். சாம்பியன் ரீஃபில் இன்னும் அதே லைனில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்தொன்று வயது. ஞாபகம் ஊசிமுனை மாதிரி கூர்மை.

"அத்தை, நம்ம லைன்ல நீங்க கல்யாணமாகி வந்தப்போ யார் யார் வீடு இருந்துச்சு? ஒண்ணாம் நம்பர்ல இருந்து சொல்லுங்க."

"எதுக்குடி இப்போ?"

"எழுதிக்கிறேன்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு ஆரம்பித்தார். ஒண்ணாம் நம்பர் மேஸ்திரி வீடு. ரெண்டு பூட்டிக் கெடந்துச்சு. மூணு பேண்டு வாசிக்கிறவர் வீடு, அவருக்கு ரெண்டு சம்சாரம். பேர் என்ன என்று கேட்டேன். அவர் பேரைச் சொன்னார். "ரெண்டு சம்சாரம் பேரும் சொல்லுங்க அத்தை." சொன்னார். நாலாம் நம்பர் ஆப்பக்கார அம்மா. அவர் புருஷன் எந்த வருஷம் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்பதையும், அன்றைக்குச் சாதம் வடித்தது அப்படியே இருந்ததையும் சொன்னார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். அத்தை சொன்னபடி, அத்தை சொன்ன உச்சரிப்பில். அஞ்சு நம்ம வீடு. ஆறு குழாயடி வீடு.

"ஏழாம் நம்பர்... இரு இரு. அந்த மனுஷன் பேரு நாக்கு நுனியில நிக்குது. வேலூர்ப் பக்கம், ஒசரமா இருப்பாரு, எனக்கு ஒருதரம் குடம் தூக்கிவிட்டாரு. ஐயோ, வர மாட்டேங்குதேடி. நீ நாளைக்குக் காலையில போன் பண்ணு, ராத்திரிக்குள்ள யோசிச்சு வெக்கிறேன்."

ஏழு என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.